21 சென்ட்டிலிருந்து 9.8 சென்ட்டுக்கு: மாலத்தீவின் சூரிய மின்சாரமும் முதலீட்டாளரின் பயமும்

மாலத்தீவில் உலக வங்கியின் துணையோடு நடந்த ‘ஆஸ்பயர்’ என்ற திட்டத்தின் கீழ் சூரிய மின்சாரம் விற்க வந்த தனியாருக்கு முதலில் முடிவான விலை, யூனிட்டுக்கு 21 அமெரிக்க சென்ட். 2020-ல் நடந்த அடுத்த சுற்றில் அது 10.9 சென்ட் ஆனது. 2022-ல் 9.8 சென்ட். நிலமில்லாத, டாலருக்குத் திண்டாடும், எல்லாவற்றையும் கப்பலில் இறக்குமதி செய்யும் ஒரு குட்டி நாட்டுக்கு இது அசாதாரணமான இறக்கம்.

பேனல் விலை குறைந்தது, அதனால் மின்சார விலையும் குறைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் பாதி உண்மைதான். மீதிப் பாதி பேனலில் இல்லை, ஒப்பந்தத் தாள்களில் இருக்கிறது. சிறு தீவு நாடுகளில் பணம் போட நினைப்பவர்கள் அந்தப் பாதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

டீசலில் ஓடும் நாடு

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். அவற்றில் உள்ளூர் மக்கள் வாழ்பவை 190-க்கும் சற்றுக் குறைவு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 5.15 லட்சம். அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மாலேயிலும் அதை ஒட்டிய ஹுல்ஹுமாலேயிலும் நெருக்கியடித்து வாழ்கிறது. மற்றவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் பவளத் திட்டுகளில் இருக்கிறார்கள். நாடு முழுவதையும் இணைக்கும் மின்தொகுப்பு கிடையாது. ஏறக்குறைய ஒவ்வொரு தீவுக்கும் ஒரு தனி டீசல் நிலையம். மாலே வட்டாரத்தை ஸ்டெல்கோ என்ற அரசு நிறுவனமும் வெளித்தீவுகளில் பெரும்பாலானவற்றை ஃபெனகா என்ற இன்னொரு அரசு நிறுவனமும் கவனிக்கின்றன. சுற்றுலா விடுதித் தீவுகள் சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருக்கின்றன.

ஒரு லிட்டர் டீசலில் நல்ல ஜெனரேட்டர் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை தரும். அப்படியென்றால் யூனிட்டுக்கு சுமார் 0.27 லிட்டர். டீசல் லிட்டர் 80 சென்ட் என்று வைத்துக்கொண்டால் எரிபொருள் செலவு மட்டும் கிட்டத்தட்ட 22 சென்ட். இயந்திரத் தேய்மானம், ஆள் சம்பளம், பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாற்றி வெளித்தீவுக்குக் கொண்டுபோகும் செலவு எல்லாம் தனி. மக்கள் கட்டும் கட்டணம் இதை ஈடுகட்டாதபோது அரசு மானியம் கொடுக்கிறது.

முதல் விலையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 21 சென்ட் என்பது டீசல் செலவுக்கு ஏறக்குறைய சமம். சூரிய ஒளி இலவசம்தான், ஆனால் அதை மின்சாரமாக விற்க வந்தவர் டீசல் அளவுக்கே விலை கேட்டார். அவர் பேராசைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பயந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

என்ன பயம்?

சூரிய மின்நிலையத்தின் செலவு கிட்டத்தட்ட முழுவதும் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. டீசல் நிலையத்தில் பணம் வராவிட்டால் எண்ணெய் வாங்குவதை நிறுத்தலாம். சூரிய நிலையத்தில் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. போட்ட பணம் கூரையில் திருகி வைக்கப்பட்டிருக்கிறது. இனி பல வருடங்களுக்கு, மாதம் தவறாமல், ஒரே ஒரு வாடிக்கையாளர் பில் கட்ட வேண்டும்.

அந்த ஒரே வாடிக்கையாளர் ஸ்டெல்கோ. அரசு கொடுக்கும் மானியத்தைச் சார்ந்து நிற்கும் நிறுவனம். அரசிடம் பணம் தட்டுப்பட்டால் ஸ்டெல்கோ தாமதிக்கும், ஸ்டெல்கோ தாமதித்தால் முதலீட்டாளர் தன் வங்கிக்குத் தவணை கட்ட முடியாது. பேனல்களைக் கழற்றி வேறு யாருக்காவது மின்சாரம் விற்கலாமா என்றால், அந்தத் தீவில் வேறு ஆள் இல்லை.

அடுத்தது நாணயம். மக்கள் மின்கட்டணத்தை ருஃபியாவில் கட்டுகிறார்கள். பேனல் வாங்கிய கடனோ டாலரில். அதிகாரபூர்வ விகிதம் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்று கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அந்த விலைக்கு டாலர் எப்போதும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது அங்கே சர்வசாதாரணம். கணக்கில் பணம் வந்து நிற்கும், நாட்டை விட்டு வெளியே போகாது. இதுவும் ஒருவகை வராக்கடன்தான்.

மூன்றாவது, அரசு மாறினால் ஒப்பந்தம் நிற்குமா என்ற கேள்வி. மாலத்தீவில் விமான நிலையத்தை நடத்த இந்தியாவின் ஜி.எம்.ஆர். நிறுவனத்துக்கு 2010-ல் கொடுத்த ஒப்பந்தம் 2012-ல் ரத்தானது. பின்னர் நடுவர் மன்றம் வரை போய், மாலத்தீவு அரசு 27 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. ஆஸ்பயர் திட்டத்துக்கு 2014-ல் ஒப்புதல் கிடைத்தபோது இந்தக் கதை இன்னும் சூடாக இருந்தது. எந்த முதலீட்டாளரின் வக்கீலும் அதைப் படிக்காமல் விட்டிருக்க மாட்டார்.

பயத்தின் விலை

இதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக முழுமையாக்கப்பட்டவை.

5 மெகாவாட் நிலையம். மெகாவாட்டுக்கு 10 லட்சம் டாலர் வீதம் 50 லட்சம் டாலர் செலவு. ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்கு 1,400 யூனிட் தருகிறது என்றால் மொத்தம் 70 லட்சம் யூனிட். போட்ட பணத்தை 20 வருடத்தில், சம தவணைகளில், திரும்ப எடுக்க வேண்டும்.

முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம் என்றால் வருடத்துக்குச் சுமார் 6.7 லட்சம் டாலர் வர வேண்டும். யூனிட்டுக்கு 9.6 சென்ட். அதே ஆள் 6 சதவீதம் போதும் என்று நினைத்தால் 4.4 லட்சம் டாலர் போதும். யூனிட்டுக்கு 6.2 சென்ட். அதே பேனல், அதே வெயில். வித்தியாசம் மூன்று சென்ட்டுக்கு மேல், அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த மூன்று சென்ட் யாருக்கும் மின்சாரமாகப் போய்ச் சேரவில்லை. பயத்துக்குக் கொடுக்கும் கூலி அது. பயத்தை வேறு யாராவது மலிவாகச் சுமக்க முடிந்தால், அந்தக் கூலி மிச்சம்.

ஆஸ்பயர் சுமந்த சுமை

உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச வளர்ச்சிச் சங்கம் 1.6 கோடி டாலர் அளவுக்கு உத்தரவாதம் கொடுத்தது. பருவநிலை முதலீட்டு நிதியத்திலிருந்து ஏறத்தாழ 1.17 கோடி டாலர் வந்தது. பெரிய நாடுகளின் கண்ணுக்கு இது சில்லறை. அதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பில் தாமதமானால் எடுத்துக்கொடுக்க ஒரு கையிருப்பு. ருஃபியாவை டாலராக மாற்ற முடியாமல் போனால் அதற்கு ஓர் ஏற்பாடு. அரசுத் தரப்பால் ஒப்பந்தமே முறிந்தால் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உலக வங்கியின் உத்தரவாதம். விலை அரசால் தாங்க முடியாத உயரத்தில் இருந்தால் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துக் குறைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. மேலே சொன்ன பயம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பதில்.

உத்தரவாதத்தின் உள்வேலையை நிறையப் பேர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. உலக வங்கி முதலீட்டாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு ‘போனால் போகட்டும்’ என்று விடுவதில்லை. கொடுத்ததை அரசு வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று தனி ஒப்பந்தம் இருக்கும். அதாவது முதலீட்டாளரை ஏமாற்றினால் கடைசியில் உலக வங்கியிடம் கடன்பட்டவனாக நிற்க வேண்டியிருக்கும். அங்கே தவறினால் நாட்டுக்கு வரும் மற்ற உதவிகளும் சிக்கலாகும். எந்த நிதியமைச்சரும் இதை விரும்ப மாட்டார். ஆகவே உத்தரவாதம் பணம் கொடுத்து வேலை செய்வதைவிட, கொடுக்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வதில்தான் அதிகம் வேலை செய்கிறது.

மானியமாகக் கொடுத்த பணம் பேனலாக மாறி முடிந்துவிடும். இப்படிப் பாதுகாப்பாக வைத்த பணமோ, தொடாதவரை, அடுத்த ஏலத்துக்கும் பின்னால் நிற்கும். சின்ன நாடுகளுக்கு இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

பேனலா, உத்தரவாதமா?

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வரலாம். 21 சென்ட் 10.9 ஆனதில் பேனலுக்கு எவ்வளவு பங்கு?

நிறையவே. 2014 வாக்கில் ஒரு வாட் பேனல் 60-70 சென்ட் விற்றது. 2020-ல் 20-25 சென்ட். தவிர முதல் திட்டம் வெறும் 1.5 மெகாவாட், அதுவும் ஹுல்ஹுமாலேயில் பொதுக் கட்டடங்களின் கூரைகளில் துண்டு துண்டாக. ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் தனித்தனி வடிவமைப்பு, தனித்தனி வயரிங். அடுத்தது 5 மெகாவாட். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பேசினால் நேர்மையாக இருக்காது.

ஆனால் 2020-க்கும் 2022-க்கும் இடையில் நடந்ததைக் கவனியுங்கள். கொரோனாவுக்குப் பிறகு, பேனலின் மூலப்பொருளான பாலிசிலிக்கானின் தட்டுப்பாட்டில் பேனல் விலை ஏறியது. கப்பல் வாடகை பல மடங்கு எகிறியது. ஒரு திருகாணிகூட கடல்வழியே வர வேண்டிய நாட்டில் விலை ஏறியிருக்க வேண்டும். 10.9-லிருந்து 9.8-க்கு இறங்கியது. மூன்றாவது திட்டம் 11 மெகாவாட் என்பதால் அளவின் பலன் கொஞ்சம் இருக்கும். அது மட்டும் போதாது. 2020-ல் சுமார் 25 நிறுவனங்கள் ஆர்வம் காட்டின, 2022-ல் 63. முந்தைய ஒப்பந்தம் எழுதியபடி நடக்கிறது என்று சந்தை பார்த்துவிட்டது. கூட்டம் சேர்ந்தது, விலை இறங்கியது. என் தீர்ப்பு: முதல் இறக்கத்தில் பேனலுக்குப் பெரும்பங்கு, இரண்டாவதில் நம்பிக்கைக்குப் பெரும்பங்கு.

மாதிரிக் கணக்கின் 70 லட்சம் யூனிட்டை 10.9 சென்ட்டுக்கு வாங்கி, 22 சென்ட் டீசலை மிச்சப்படுத்தினால், வருடத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் நாட்டுக்கு லாபம். 19 லட்சம் லிட்டர் டீசலும் கப்பலேற வேண்டாம். நிலமில்லாத மாலேயில் இதற்கு இடம் எங்கே என்றால், இரண்டாவது திட்டத்துக்கு விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயையும் ஹுல்ஹுமாலேயையும் இணைக்கும் சாலையோரத்தைப் பயன்படுத்தினார்கள். நல்ல யோசனை. எத்தனை முறை செய்ய முடியும் என்பது வேறு.

உத்தரவாதமே தேவைப்படாத வாடிக்கையாளர்

அதே நாட்டில், அதே கடலில், உலக வங்கியின் துணையின்றி சூரிய மின்சாரம் விற்பவர்களும் இருக்கிறார்கள். சுற்றுலா விடுதிகளின் கூரைகளில் தனியார் நிறுவனங்கள் சொந்தச் செலவில் பேனல் வைத்து யூனிட் கணக்கில் விற்கின்றன. ஆஸ்திரியாவின் ஸ்விம்சோல் 2014 முதலே கடல்மேல் மிதக்கும் பேனல்களையும் அங்கே நிறுத்தியிருக்கிறது.

விடுதிக்கும் ஸ்டெல்கோவுக்கும் என்ன வித்தியாசம்? விடுதியின் வருமானமே டாலர். டீசலுக்கு அது முழு விலை கொடுக்கிறது, மானியம் கிடையாது. எனவே சூரிய மின்சாரத்தின் மிச்சம் நேராக அதன் லாபக் கணக்கில் தெரிகிறது. விடுதி கைமாறலாம், சுற்றுலா படுக்கலாம், 2020-ல் படுக்கவும் செய்தது. அந்த ஆபத்துகள் உண்டு. ஆனால் ‘பணம் இருக்கிறது, டாலர் இல்லை’ என்ற ஆபத்து மட்டும் இல்லை.

மேற்குப் பசிபிக்கில் உள்ள பலாவு என்ற தீவு நாட்டையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அந்த நாட்டின் நாணயமே அமெரிக்க டாலர், நாணயப் பயம் பிறப்பிலேயே இல்லை. அப்படியும் 2018-ல் ஒரு பெரிய ஐரோப்பிய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் கட்டுமானம் வரை போகவில்லை. பிறகு பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோலார் பசிபிக் நிறுவனம் வந்தது. ஆஸ்திரேலிய அரசின் பசிபிக் உள்கட்டமைப்பு நிதியம் கடனும் மானியமுமாக 2.2 கோடி டாலர் கொடுத்தது. 15.3 மெகாவாட் பேனலும் 12.9 மெகாவாட்-மணி பேட்டரியும் 2023 ஜூனில் இயங்கத் தொடங்கின. நாட்டின் மின்தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது தரும் என்பது திட்டம். மாலத்தீவில் உத்தரவாதம் செய்த வேலையை இங்கே மலிவான கடன் செய்தது. டாலர் நாட்டிலும் யாரோ ஒருவர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

2024: ஏற்பாட்டுக்கு வந்த சோதனை

2024-ல் மாலத்தீவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கவலைக்கிடமான அளவுக்குக் குறைந்தது. ஆகஸ்டில், நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் ஃபிட்ச் நிறுவனம் நாட்டின் தரக்குறியீட்டை ‘சிசி’ வரை இறக்கியது. கடன் தவறுவதற்கு மிக அருகில் என்று அர்த்தம். அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணய மாற்று வசதியாகக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. சுற்றுலா நிறுவனங்கள் ஈட்டும் டாலரில் ஒரு பங்கை உள்ளூர் வங்கிகளில் மாற்றியாக வேண்டும் என்று விதியும் வந்தது.

2014-ல் ஒப்பந்தத்தில் நாணய மாற்றுப் பாதுகாப்பைச் சேர்த்தபோது அது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றியிருக்கலாம். பத்து வருடம் கழித்து அதன் அவசியம் கண்ணுக்கு முன்னால் நின்றது. புதிதாக வருபவர்களுக்குச் சேதி தெளிவு: 9.8 சென்ட் என்பது மாலத்தீவின் விலை இல்லை, மாலத்தீவும் உலக வங்கியும் சேர்ந்து நின்றால் கிடைக்கும் விலை. அந்தத் தோளை எடுத்துவிட்டு அதே விலையைக் கேட்டால் ஏலத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

அரசியல் இலக்குகளை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2009-ல் அதிபர் நஷீத் பத்தாண்டில் கார்பன் சமநிலை என்றார், கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டமே நடத்தினார். பிறகு 2030-க்குள் என்று இலக்கு மாறியது. 2023-ல் அதிபர் முய்சு 2028-க்குள் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்றார். நாட்டின் பேச்சுவார்த்தை பலத்துக்கு இவை உதவும். வங்கி கடன் கொடுப்பது கையெழுத்தான மின்கொள்முதல் ஒப்பந்தத்தைப் பார்த்து.

தனியார் போகாத தீவுகள்

மின்தேவையே நூறு, இருநூறு கிலோவாட் இருக்கும் வெளித்தீவுக்கு எந்த முதலீட்டாளரும் போவதில்லை. பெரிய திட்டத்துக்கும் சின்னத் திட்டத்துக்கும் வக்கீல் செலவு ஒன்றுதான். அங்கே ஆசிய வளர்ச்சி வங்கி 2014-ல் தொடங்கிய ‘பாய்ஸ்ட்’ திட்டம் வேறு பாதையில் போனது. 160 தீவுகளைக் குறிவைத்து, மானியங்களின் துணையோடு, பேனலும் பேட்டரியும் திறமையான புதிய டீசல் ஜெனரேட்டரும் சேர்ந்த கலப்பு நிலையங்கள். சூரியத் திட்டத்தில் எதற்கு டீசல் ஜெனரேட்டர் என்று கேட்கத் தோன்றும். பழைய ஜெனரேட்டர்கள் குறைந்த சுமையில் ஓடும்போது எண்ணெயைக் குடித்துத் தள்ளும், அதை மாற்றினாலே பெரிய மிச்சம். உப்புக்காற்றில் துருப்பிடித்த இன்வெர்ட்டரைப் பழுதுபார்க்க ஆள் படகில் வர வேண்டிய இடங்களில், யார் சொத்து என்பதைவிட யார் பராமரிப்பார் என்பது பெரிய கேள்வி.

நண்பகலுக்குப் பிறகு

பேனல் சேரச் சேர இன்னொரு சிக்கல் தலைகாட்டும். டீசல் ஜெனரேட்டரைப் பொதுவாக அதன் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டக்கூடாது. மேகம் மறைக்கும்போது கைகொடுக்க அது ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். ஆகவே நண்பகலில் சூரிய மின்சாரத்துக்கு ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. அதைத் தாண்டியதை வீணாக்க வேண்டும். வீணான யூனிட்டுக்குக் காசு உண்டா? ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாவிட்டால் மேலே போட்ட 70 லட்சம் யூனிட் கணக்கு அப்படியே சரியும். முதல் 1.5 மெகாவாட்டுக்கு இது கவலையே இல்லை. பத்துப் பத்தாகச் சேரும்போது இதுதான் முதல் கவலை.

2020 டிசம்பரில் உலக வங்கி ஒப்புதல் கொடுத்த ‘அரைஸ்’ திட்டம் அதனால்தான் 36 மெகாவாட் சூரிய மின்சாரத்தோடு பேட்டரியையும் மின்தொகுப்புச் சீரமைப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பேனலைத் தனியார் வைக்கலாம், யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசலாம். பேட்டரி அப்படி இல்லை. அது மின்சாரம் உண்டாக்குவதில்லை, தயாராக நிற்கிறது. சும்மா நிற்பதற்கும் மாத வாடகை தருவேன் என்று ஸ்டெல்கோ போன்ற ஒரு நிறுவனம் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கையெழுத்தை வங்கி நம்ப வேண்டும். யூனிட் கணக்குக்கு எழுதிய உத்தரவாத வாசகங்களை வாடகைக் கணக்குக்கு ஏற்றபடி மாற்றி எழுதும் வேலை இனிதான், இந்த நாட்டின் அடுத்த ஏல விலை அதில்தான் முடிவாகும்.